ஏழு நாள் தாள்

ஆகஸ்ட் 5, திங்கள்

இந்த நாட்குறிப்பில் ஏப்ரல் 21-க்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. நூற்றைந்து நாட்கள் வெறுமையாக இருக்கின்றன. விட்ட பழக்கத்தைத் திரும்பப் பிடிக்கத் திங்கட்கிழமைதான் நல்ல நாள் என்று தமிழ் அம்மா இன்று வகுப்பில் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

முதலில் விவரங்கள். என் பெயர் சுகந்தி. பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு. ஊர் சத்திரப்பட்டி. இங்கே தறியில் ஓடுகிற துணி கட்டிக்கொள்வதற்கு அல்ல, காயத்துக்குக் கட்டுவதற்கு. அம்மா பெயர் பேச்சியம்மாள், பேண்டேஜ் கம்பெனியில் சுருள் சுற்றும் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறாள். அப்பா நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது இறந்துவிட்டார். அக்கா செண்பகம் ஏப்ரல் 22-ஆம் தேதி வீட்டை விட்டுப் போய், கம்பெனிக்குச் சரக்கு ஏற்ற வரும் வேன் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தென்காசியில் இருக்கிறாள். இதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

இன்று குழாயில் தண்ணீர் வரும் நாள். ஒன்பது குடம் பிடித்தோம். அம்மா இப்போது யார் எதைக் கேட்டாலும் "சரி" என்கிறாள். எதிர்வீட்டில் வளைகாப்புக்கு மாவு ஆட்டித் தரச் சொன்னார்கள். சரி. மகளிர் குழுவில் கூட்டத்துக்குப் பாய் விரிக்கச் சொன்னார்கள். சரி. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்னார்கள். சரி. நான் இன்று எண்ணிப் பார்த்தேன், பதினொரு சரி. ஒரு வேண்டாம்கூட இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அம்மா கம்பெனியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். மடிக்காமல், தூக்குச்சட்டி மூடியின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கம்பெனி வளாகத்திலேயே பெண்கள் விடுதி இருக்கிறது. வெளி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த அறுபது பிள்ளைகள் அங்கே தங்குகிறார்கள். இந்த வருடத்தில் மட்டும் மூன்று வார்டன்கள் வந்து போய்விட்டார்கள். மூன்று பேருமே கேட்டவுடன் சம்மதித்தவர்கள். ஒருவரின் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், ஒருவருக்குக் கைக்குழந்தை, இன்னொருவர் காரணமே சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அதனால் அம்மாவை அடுத்த வார்டனாக வரச் சொல்லிக் கேட்கும்போதே, தொழிலாளர் நல அலுவலர் எஸ்தர் மேடம் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார். யாருக்குப் புதுப் பொறுப்பு கொடுத்தாலும் ஏழு நாட்களுக்குச் சரி என்றும் சொல்லக் கூடாது, முடியாது என்றும் சொல்லக் கூடாது. தாளை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்கவிட்டு, நாளுக்கு ஒரு வரியாவது எழுத வேண்டும்.

"நான் சரின்னுதான் சொன்னேன்" என்றாள் அம்மா. "மேடம் காதுல விழாத மாதிரி இருந்துட்டு இதக் கைல திணிச்சுட்டாக. பரிட்சை எழுதுற வயசா எனக்கு?"

தாளின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் "எடுப்பது", வலது பக்கம் "இறக்குவது" என்று அச்சடித்திருக்கிறது. மேடம் இந்தச் சொற்களைச் சரக்கு ஏற்றுகிறவர்களிடமிருந்து எடுத்தாராம். கிடங்கில் தலையில் ஒரு பொதி இருக்கும்போது இன்னொன்றை எடுக்க விடமாட்டார்கள். முதல் பொதியை எங்கே இறக்கப் போகிறாய் என்று மேஸ்திரி கேட்பார். இங்கே இறக்குவது என்றால் இந்த வேலைக்காக விட வேண்டியது. தாளின் அடியில் சிறிய எழுத்தில் "இறக்குவது ஒன்றுமில்லை என எழுதப்பட்ட தாள் ஏற்கப்படாது" என்று இருக்கிறது. எனக்கு இந்த விதி பிடித்திருந்தது. நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

வார்டன் என்றால் வாரத்தில் ஆறு இரவு விடுதியிலேயே தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். குடும்பத்தினரை உடன் வைத்துக்கொள்ள முடியாது. அப்படியானால் நான் கோவில்பட்டியில் சித்தி வீட்டில் இருந்து அங்கே பள்ளிக்கூடம் போக வேண்டும்.

"நீ என்ன சொல்ற?" என்று அம்மா கேட்டாள்.

சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் கிளை நூலகம் இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மைதான்.

காலண்டர் தொங்கும் ஆணியில் தாளை மாட்டினோம்.

ஆகஸ்ட் 7, புதன்

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வாசிக்க நேரமாகும். எழுத இன்னும் நேரமாகும். என்னை எழுதச் சொல்லுவாள் என்று பேனாவோடு தயாராக இருந்தேன். ஆனால் என் பென்சிலை வாங்கி, தாளைச் சுவரோடு வைத்து, நின்றுகொண்டே எழுதினாள். நேற்றைய வரியையும் சேர்த்து எழுதினாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு.

எடுப்பது: அருவது பிள்ளைக.

இறக்குவது: சுகந்தி பள்ளிக்கூடம் மாரணும்.

பிழைகளை நான் திருத்தவில்லை. பென்சிலில் எழுதியதுதானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று அறிவியல் தேர்வு. இருபத்தைந்துக்கு இருபத்துநான்கு. அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

குழாயடியில் சொர்ணம் அக்காவும் இருந்தாள். அம்மாவோடு ஒரே மேசையில் சுருள் சுற்றுகிறவள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

"கேட்டியாக்கா சங்கதிய? பெத்த ஒண்ணக் கட்டிக் காக்க முடியல, அறுபத மேய்க்கப் போறாளாம்."

"ஏ சொர்ணம், பிள்ள நிக்குது பாரு."

"நிக்கட்டுமே. அதுவும் ஒரு நாளு வேன் ஏறாமயா இருக்கப் போகுது!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மா குடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குடம் நிறைந்து வழிந்து அவள் காலை நனைத்த பிறகும் குழாயை மூடவில்லை. நான்தான் மூடினேன்.

வீட்டுக்கு வந்ததும் கையைத் துடைக்காமலே பென்சிலை எடுத்தாள். தாளில் இரண்டு இடத்தில் ஈரம் பட்டுவிட்டது.

எடுப்பது: ஊர் வாய் மூடும்.

இறக்குவது: சுகந்தி சாப்பிட்டாளான்னு தெரியாது.

அம்மாவுக்கு இந்த வேலை ஏன் வேண்டும் என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிடைத்தே ஆக வேண்டும் என்றும் தோன்றியது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாற்றுச் சான்றிதழ் வாங்க என்னென்ன வேண்டும் என்று வகுப்பாசிரியையிடம் கேட்டேன். பத்தாம் வகுப்பில் பாதியில் மாறினால் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலில் குழப்பம் வரும் என்றார். யாருக்கு என்று கேட்டார். தெரிந்த ஒரு பெண்ணுக்கு என்று சொன்னேன்.

தாளில் இன்றைய வரி: சுகந்திக்கு தல பின்ன ஆள் இல்ல.

எனக்கே பின்னத் தெரியும்.

ஆகஸ்ட் 10, சனி

ஏழு நாட்களுக்குள் ஒரு நாள் வீட்டில் உள்ளவர்களையும் மேடம் பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் உள்ளவர்கள் என்றால் நான்தான். பள்ளிச் சீருடையிலேயே போனேன்.

எஸ்தர் மேடத்தின் அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, அடுக்கிவைத்த பேண்டேஜ் பெட்டிகள். நான் உட்காருவதற்குள் மூன்று முறை கைபேசி அடித்தது. "சரி சார். ஆமா சார். அதையும் பாத்துக்கறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பாக்குற? எனக்கும் ஒரு தாள் குடுத்திருக்கணும்ல, இந்த வேலைக்குச் சேர்றப்ப! யாரு குடுத்தா?"

நான் பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததை வாசித்தேன்.

"அம்மா போறதுல உனக்குச் சம்மதமா?"

"சம்மதம் மேடம்."

"அத எல்லாரும் சொல்லுவாங்க. இதச் சொல்லு. சாயங்காலம் ஏழு மணிக்கு உங்க வீட்டுல என்ன நடக்கும்?"

"நான் படிப்பேன்."

"அம்மா?"

"எதிரில் உட்கார்ந்திருப்பாங்க."

"என்ன செய்வாங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"டிவி?"

"போட மாட்டோம்."

"பேசிக்கிடுவீங்களா?"

"இல்ல மேடம்."

"எம்புட்டு நேரம்?"

"நான் புத்தகத்தை மூடுற வரைக்கும்."

மேடம் எதையோ குறித்துக்கொண்டார். திரும்பக் கைபேசி அடித்தது. இந்த முறை எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். நீ என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். நூலக அறிவியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது, அது என்றேன். அப்படி ஒரு படிப்பு இருப்பது அவருக்குத் தெரியவில்லை. விளக்கிச் சொன்னேன். அந்த ஐந்து நிமிடம் நன்றாக இருந்தது.

வெளியே அம்மா தலையில் வலைத் தொப்பியோடு காத்திருந்தாள். "என்ன கேட்டாக?" என்றாள். நேரம் கேட்டார்கள் என்று சொன்னேன்.

இன்றைய வரி: சுகந்திக்கு காச்சல் வந்தா சித்தி பாக்கணும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கம்பெனியில் இந்த ஞாயிறு கூடுதல் வேலை இல்லையாம், அம்மா போகவில்லை. போர்வைகளை அலசி மாடியில் காயப்போட்டோம். அக்கா போர்வையும் அதில் இருந்தது. அதைக் காயப்போடும்போது இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறினோம்.

சாயங்காலம் அம்மா நெடுநேரம் தாளுக்கு முன்னால் நின்றாள். எழுதி முடித்ததும் பென்சிலை என் பக்கத்தில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

இறக்குவது: இவ படிக்கத பாத்துகிட்டு இருக்க முடியாது.

நான் அந்த வரியை நான்கைந்து முறை வாசித்தேன்.

பிறகு கணக்காக யோசித்தேன். இடது பக்கம் இரண்டு வரி. வலது பக்கம் ஐந்து. ஐந்திலும் நான் இருக்கிறேன். மேடம் இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் இந்த வேலை அம்மாவுக்குக் கிடைக்காது. கிடைக்காவிட்டால் குழாயடியில் திரும்பவும் சிரிப்பார்கள். அம்மாவின் தலையில் இருக்கிற பொதி நான்தான் என்று அந்தத் தாளைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தாள் அழுக்காகிவிட்டது. தண்ணீர் பட்ட இடம் உப்பி இருந்தது, ஓரத்தில் மிளகாய்ப்பொடிக் கறை. மேடத்திடம் இன்னொரு தாள் வாங்கி வந்திருந்தாள் அம்மா.

"நீ நல்லா எழுதிக் குடுத்துரு. என் எழுத்த வாசிக்க மேடத்துக்குக் கண்ணு வலிக்கும்."

"இன்னைக்கு வரி?"

"நீயே பாத்து எழுது."

என் கையெழுத்துக்கு ஒன்றிய அளவில் இரண்டாம் பரிசு கிடைத்திருக்கிறது. இந்தத் தெருவில் மனு, விண்ணப்பம், மொய்ப் பட்டியல், எல்லாம் என்னிடம்தான் வரும். நீல மையில், கோடு போட்டு எழுதி, பிறகு கோட்டை அழித்தேன். வலது பக்கத்து வரிகளைக் கொஞ்சம் மாற்றினேன். மாற்றிய பிறகு இப்படி இருந்தது:

1. மகளிர் குழுக் கூட்டங்களில் கலந்துகொள்ள இயலாது.
2. அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் சிறு உதவிகள் நின்றுபோகும்.
3. வெள்ளிக்கிழமை கோவிலுக்குச் செல்ல இயலாது.
4. ஞாயிற்றுக்கிழமைக் கூடுதல் வேலை செய்ய இயலாது.
5. குழாயில் தண்ணீர் பிடிக்க வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஐந்தும் உண்மை. ஒன்றுகூடப் பொய் இல்லை. எழுத்து ஒரே சீராக அமைந்தது. அம்மா வாசிக்கிற கண்ணாடியைத் தேடவில்லை. தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

பழைய தாளை அடுப்பில் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. வரலாற்றுப் புத்தகத்தின் அட்டைக்குள் செருகிவைத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அம்மா தாளைக் கொடுத்துவிட்டாள். எனக்கு இன்று நிலவரைபடத்தில் ஆறுகளைக் குறிக்கும் பயிற்சி. எல்லா ஆறும் சரி.

ஆகஸ்ட் 14, புதன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அம்மா ஆறரை மணிக்கு வந்தாள். கால் கழுவினாள். எனக்குச் சாதம் போட்டாள், குழம்பு ஊற்றினாள், அப்பளத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். நான் எழுதிக் கொடுத்த தாளை இடுப்பிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தாள்.

"மேடம் வாசிச்சுக் காட்டினாக" என்றாள். "வாசிச்சுட்டு, உங்களுக்கு இறக்க ஒண்ணும் பெருசா இல்லையே பேச்சியம்மா, அடுத்த திங்கக்கெழமையே சேந்துக்கிடுங்கன்னாக."

"நல்லதுதானம்மா" என்றேன்.

"நானும் முழுசா கேட்டேன். அஞ்சு வரியும் கேட்டேன். இன்னும் இருக்கா மேடம்னு கேட்டேன். இல்லன்னாக." தாளை விரலால் தொட்டாள். "இதுல நீ எங்கட்டி?"

நான் சாதத்தில் கை வைத்திருந்தேன். சாதம் சூடாக இருந்தது.

"உனக்கு இந்த வேலை கிடைக்கணும்னுதான்..."

"நான் உன்னத்தான எழுதுனேன். நாளுக்கு ஒண்ணா. ஒவ்வொரு எழுத்தா. நீ என்னன்னா குழாத் தண்ணிய எழுதி வச்சிருக்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உனக்கும் போணும்போல இருக்காட்டி? இருந்தாச் சொல்லிரு. சொல்லாமப் போனதே ஒண்ணு போதும்."

"இல்ல."

"பெறகு?"

எனக்கு நிறையச் சொற்கள் தெரியும். அப்பளம் குழம்பில் நனைந்து மெத்தென்று ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தாளை மடிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"அவ வச்சிட்டுப் போன லெட்டரையும் நீதான எழுதுன?"

இதை நூற்றுப் பதினான்கு நாட்களாக யாரும் கேட்கவில்லை.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும். செண்பகத்துக்கு நாலு வரி நேரா வருமா? உன் எழுத்து எனக்குத் தெரியாதா? கேட்டா நீ என்ன சொல்லுவியோன்னு கேக்கல."

ஆமாம். நான்தான் எழுதினேன். போவதற்கு முந்தின நாள் அக்கா பென்சிலில் கிறுக்கிய ஒரு தாளைக் கொண்டுவந்து, "அம்மாவுக்கு வாசிக்க வசதியா பெரிய எழுத்தாப் போட்டுக் குடு" என்றாள். இரவே எழுதி, விடிந்ததும் கொடுத்தேன். அவள் அதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை, வேன் நேரமாகிவிட்டது என்று நான்காக மடித்து அரிசிப் பானையின் மேல் வைத்துவிட்டாள்.

"அதுலயும் இப்படி எதையாச்சும் எடுத்தியா?"

"ஒரு வரி."

"பெரிய வரியா?"

"சின்னதுதான்."

"என்னன்னு?"

"ஒருமுறை வந்து தன்னைப் பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தாள்" என்றேன்.

அம்மா என் தட்டை எடுத்துக்கொண்டு போய், நான் சாப்பிடாமல் வைத்திருந்ததை வேறு கிண்ணத்தில் மாற்றி மூடினாள். பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே இரண்டாவது முறையும் தேய்த்தாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். நான் உறுதிமொழி வாசித்தேன், தடுமாறவில்லை.

கம்பெனிக்கும் விடுமுறை. அம்மா காலையிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எதிர்வீட்டிலிருந்து தேங்காய் துருவித் தரக் கேட்டு வந்தார்கள். அம்மா திரும்பாமலே, "இன்னைக்கு முடியாது தாயி" என்றாள். அந்த அத்தை என்னைப் பார்த்தாள். நான் தேங்காயை வாங்கித் துருவிக் கொடுத்தேன்.

அந்த வரியை ஏன் விட்டேன் என்று இங்கே எழுத வேண்டும். கடிதம் "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று ஒழுங்காக முடிந்திருந்தது. இந்த வரி அதற்குக் கீழே, பேச்சுத் தமிழில், இடம் இல்லாமல் ஓரத்தில் ஏறிப் போயிருந்தது. சேர்த்தால் பக்கம் அழகாக இருக்காது.

அது ஒரு காரணம். அவள் போகிறாள் என்று எனக்குக் கோபமாக இருந்தது என்பது இன்னொன்று. போகிறவள் போகட்டும், அம்மா ஏன் பின்னால் போக வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவும் போய்விட்டால் நான் மட்டும் இருப்பேன் என்றும் நினைத்தேன்.

இதை எழுதும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மிட்டாய்த் தாளை நீவி நாட்குறிப்புக்குள் வைத்தேன்.

சாயங்காலம் அம்மா எழுந்து முகம் கழுவிவிட்டு, "என் தாள் எங்க?" என்றாள். வரலாற்றுப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பள்ளி விட்டதும் அம்மா சொன்னபடி கம்பெனி வாசலுக்குப் போனேன். என்னையும் கூட்டிக்கொண்டு எஸ்தர் மேடம் அறைக்குள் போனாள். பழைய தாளை மேசையில் வைத்தாள். மிளகாய்ப்பொடி, ஈரம், புளியங்கொட்டை எழுத்து, எல்லாவற்றோடும்.

மேடம் வாசித்தார். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"சரி, அந்தத் தாளு இல்ல, இதுதான்னு வச்சுக்கிடுவோம்" என்றார். "இன்னும் நாலு நாளு வேணா எடுத்துக்கிடுங்க பேச்சியம்மா. நல்ல வேலை இது. ஒங்களுக்குப் பிள்ளைகளோட பழக வரும்."

"வரும் மேடம். அதுல ஒண்ணும் இல்ல." அம்மா வலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். "வாரத்துல ஞாயித்துக்கெழம ஒண்ணுதான வீட்டுக்கு விடுவீக?"

"ஆமா."

"அந்த ஒரு நாளும் தென்காசி போயிட்டா இவள எப்பப் பாக்க? இவளப் பாத்தா அவள எப்பப் பாக்க? நானும் நேத்துப் பூராவும் படுத்துக் கெடந்து பாத்துட்டேன். கணக்கு வரமாட்டேங்குது."

மேடம் இடது பக்கத்து வரியில் விரலை வைத்தார். "ஊருல என்னமும் சொல்லுவாங்களேன்னு நெனச்சீங்கள்ல, இதுல எழுதியிருக்கீங்க."

"சொல்லட்டும். அது எனக்கு எடுக்குற பக்கம்தான இருக்கு. எடுக்காம விட்டுட்டேன்."

மேடம் தாளின் அடியில் "ஏற்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மாவும் போட்டாள். "வீட்டில் உள்ளவர்" என்ற இடத்தில் என்னைப் போடச் சொன்னார்கள். என் பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் சொர்ணம் அக்கா நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிட்டது போலிருந்தது.

"என்ன மைனி, வேண்டாம்னுட்டியாமே? பயந்துட்டியோ?"

"ஆமா, பயந்துட்டேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு நின்றாள், அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருப்பது போல. சொர்ணம் அக்கா சைக்கிள் பூட்டைத் திறக்க ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் 17, சனி

அம்மா மகளிர் குழுவுக்குப் பாய் விரிக்கப் போகவில்லை. சாயங்காலம் நான் படித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் கழித்து, "அது என்ன பாடம்?" என்று கேட்டாள். அமிலங்களும் காரங்களும் என்றேன். "சரி" என்றாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

ராஜபாளையத்தில் ஏறும்போது எட்டு மணி. அம்மா ஜன்னல் பக்கம். மடியில் ஒரு பை. என்ன வைத்திருக்கிறாள் என்று நான் பார்க்கவில்லை. அக்கா வீடு எந்தத் தெரு என்று எங்களுக்குத் தெரியாது. வேன் ஸ்டாண்டில் மாப்பிள்ளை பெயரைச் சொல்லி விசாரிக்க வேண்டும். அம்மா இதுவரை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. சிவகிரி வரும்போது என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

வாசுதேவநல்லூரில் கூட்டம் ஏறியது. ஒரு பாட்டிக்கு இடம் கொடுத்துவிட்டு நின்றேன். புளியங்குடியில் அவர் இறங்கியதும் திரும்ப உட்கார்ந்தேன்.

"அந்த வரியச் சொல்லு" என்றாள் அம்மா.

"ஒருமுறை வந்து..."

"அது ஒந்தமிழு. அவ எழுதுனபடியே சொல்லு."

எனக்கு அது முழுதாக நினைவில் இருந்தது. ஒரு நாளும் மறந்ததில்லை. முன் இருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நீ ஒரு தடவ வந்து நின்னாப் போதும்மா. திட்டுறதுன்னாலும் வந்து திட்டு."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் போனதும், "இன்னொருக்கச் சொல்லு" என்றாள். சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரர் எங்களைப் பார்த்தார். அம்மா உதடுகளை அசைத்துத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

கடையநல்லூர் தாண்டிவிட்டது. கண்டக்டரிடம் இன்னும் எவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டாள். அரை மணி நேரம் என்றார். அம்மா பையை மடியில் நேராக வைத்தாள். முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"திட்டுறதுன்னா என்னன்னுட்டி திட்ட?"

எனக்கும் தெரியவில்லை. இருவரும் யோசித்துக்கொண்டு வருகிறோம்.